மூச்சுக்கும் நினைவுக்கும் நடுவில் ஓர் இலை

என் அப்பா உரித்துப் போட்ட தேங்காய்கள் எல்லாம் மொட்டையாக இருந்தன. நோய் எங்கள் வீட்டுக்குள் வந்ததை முதலில் சொன்னது அந்தக் காய்கள்தான்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தேங்காய்க் களத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தரையில் நட்ட கடப்பாரை முனையில் காயைக் குத்தி மட்டையைத் திருகி எடுப்பார்கள். மட்டையை முழுவதும் எடுத்துவிடக் கூடாது. காயின் கண்களை மூடினாற்போல் ஒரு பிடி நாரை விட்டுவைக்க வேண்டும். அதற்குப் பெயர் குடுமி. குடுமி போன காய் சீக்கிரம் கெட்டுவிடும். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் அதை யாரும் வாங்கமாட்டார்கள். அப்பா மீசை முளைக்கும் முன்பே இந்த வேலைக்கு வந்தவர். பேசிக்கொண்டே, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே உரிப்பார். குடுமி தானாக நிற்கும்.

அன்று களத்துக்காரர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்ப்பா மாரப்பா, காயெல்லாம் பழனிக்கு நேந்து உட்டுட்டியா? அத்தனையும் மொட்டையடிச்சு வெச்சிருக்கே!"

தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்தார் என்பது எனக்குத் தெரிந்தது. சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டார்: "குடுமி எதுக்குங்க?"

களத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் வீட்டில் இருந்த சனிக்கிழமை அது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் அப்போது கோயமுத்தூரில் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வம்சத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளும் நான். இதை அடக்கமாகச் சொல்லத் தெரியாது. பெருமையாகவே சொல்கிறேன். அப்பாவின் கைக்காய்ப்பில் படித்தவள் வேறு எப்படிச் சொல்வது?

அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் ஊருக்கு வரும்போது அப்பா கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்திருந்தார். வாய் வறண்டுபோய் ஓயாமல் தண்ணீர் கேட்டார். வெயிலைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். காற்றில் தொங்கும் ஏதோ நூலைப் பிடித்து இழுப்பதுபோல விரல்களை அசைத்தார். எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஊட்டுக்குப் போலாம், வா" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

ஊரில் இரண்டு கட்சி. ஒன்று, "வயசாச்சில்ல" என்றது. ரேஷன் கார்டில் அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு. இன்னொன்று, "பொம்பளப் புள்ளைய இத்தனை படிக்க வெச்சான், அந்த வெசனமே மனுசனைத் தின்னுபோடுச்சு" என்றது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. வயது ஒரு நோயின் பெயர் அல்ல. என் படிப்பும் அல்ல.

கோயமுத்தூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டினோம். நடுத்தர வயது, மெல்லிய குரல், அவசரப்படாத மனிதர். அவர் மூன்று சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்டார். அப்பா ஒன்றையும் சொல்லவில்லை. பிறகு ஒரு தாளை நீட்டி, "ஒரு கடிகாரம் வரைங்க பெரியவரே" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், அப்பா எழுதப் படிக்கத் தெரியாதவர். நல்லா இருந்தப்பவே பேனா பிடிச்சதில்ல. அவருக்குத் தெரிஞ்சதைக் கேளுங்க. தேங்காயைப் பத்திக் கேளுங்க."

மருத்துவர் கோபப்படவில்லை. தாளை மடித்து ஓரமாக வைத்தார். "சரிம்மா. பெரியவரே, காய் முத்திருச்சா, எளசான்னு எப்பிடிக் கண்டுபிடிப்பீங்க?"

அப்பா வலது கையைக் காதருகே கொண்டுபோனார். காயை ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் பாவனை. கை அங்கேயே நின்றது. வாய் திறந்தது. சொல் வரவில்லை. எனக்குத்தான் அவமானமாக இருந்தது, நான்தானே அந்தக் கேள்வியைக் கேட்கச் சொன்னேன் என்று. பிறகு அதையும் உதறிவிட்டேன். குறைந்தபட்சம் அவர் தோற்றது தன் சொந்தப் பாடத்தில்.

சி.டி. ஸ்கேன் (தலையைக் குறுக்குவெட்டாகப் பல படங்கள் எடுக்கும் சோதனை) எடுத்தார்கள். மூளை வயதுக்கு மேல் சற்றுச் சுருங்கியிருந்தது. டிமென்ஷியா (நினைவும் யோசிக்கும் திறனும் படிப்படியாகக் குறைந்துபோகும் நிலை) என்றார் மருத்துவர்.

"வேற மருந்து ஏதாவது சாப்பிடறாரா?"

"ஒரு மாத்திரைகூட இல்லீங்க" என்றாள் அம்மா. அது உண்மை.

"இதைக் குணப்படுத்த மருந்து இல்லைம்மா. இருக்கறதைப் பத்திரமாப் பாத்துக்கணும்."

வெளியே நீண்ட தாழ்வாரம். அப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மருந்து இல்லை என்பது எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, அதை நானே படித்துப் பார்க்கிறேன் என்று நினைத்தேன். படித்தவள் என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர்தான் அப்பாவைக் கொஞ்சமாவது மீட்டது என்று இன்றும் நம்புகிறேன்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அடுத்து நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். விஷயம் பரவியதும் ஆளுக்கொரு இலையோடு வந்தார்கள். வல்லாரை அதிகம் வந்தது. அம்மாவின் அண்ணன் ஆறுச்சாமி மாமா, தேங்காய் லோடு டெம்போ ஓட்டுபவர், அமராவதி வாய்க்கால் ஓரத்திலிருந்து கூடை கூடையாகப் பறித்து வந்தார். துவையல், சாறு, நெய்யில் வதக்கியது, எல்லாம் ஆயிற்று. அப்பா ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் என்ன வெள்ளாடா?" என்று கேட்டார். அந்த வாரம் அவர் சொன்ன ஒரே தெளிவான வாக்கியம் அது. நாங்கள் சிரித்துவிட்டோம்.

உடுமலைக் கடைவீதியில் 'மூளை லேகியம்' விற்றவர், "செடியில எடுத்ததுங்க, கெடுதலே பண்ணாது" என்றார். எந்தச் செடி என்று கேட்டேன். "அது ரகசியமுங்க" என்றார். "அப்படீன்னா கெடுதல் பண்ணாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார்.

என் பேராசிரியை வல்லாரையையும், நினைவுக்கென்று கொடுக்கும் இன்னொரு செடியான நீர்ப்பிரமியையும் ஒதுக்கவில்லை. இரண்டிலும் ஆராய வேண்டியது இருக்கிறது, மனிதர்களிடம் செய்த சோதனை போதாது, ஆகவே உறுதி சொல்ல முடியாது என்றார். "நூலகத்துக்குப் போ, தாவரத்திலிருந்து எடுத்த அல்கலாய்டுகளைப் படி" என்றார். அல்கலாய்டு என்பது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்துவைத்திருக்கும், பெரும்பாலும் கசப்பான, உடம்பில் வலுவாக வேலை செய்யும் பொருள்.

நான் போனேன். புரிந்த வரையில் இங்கே எழுதுகிறேன்.

மூளையில் அசிடைல்கோலின் (ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் செய்தி சொல்லப் பயன்படுத்தும் பொருள்) என்று ஒன்று இருக்கிறது. நினைவுக்கு அது வேண்டும். இந்த நோய் வந்தவர்களின் மூளையில் அது குறைந்துபோகிறது. செய்தி சொன்னதும் அதை உடைத்து அழிக்க ஒரு நொதி (உடம்பில் வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்) இருக்கிறது. அந்த நொதியைத் தடுத்தால், இருக்கும் கொஞ்ச அசிடைல்கோலின் கூடுதல் நேரம் தங்கும். அப்படித் தடுக்கும் பொருள்களைச் செடிகளில் தேடிக்கொண்டிருந்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு விஷ அவரைக் கொட்டை. ஐரோப்பாவில் பனி உருகும்போது பூக்கும் ஒரு வெள்ளைப் பூச்செடியின் கிழங்கு. சீனத்தில் பாசிபோலத் தரையில் படரும் ஒரு சிறு செடி. மருந்தாக வருமா, வராதா என்று யாருக்கும் அப்போது உறுதியாகத் தெரியாது. கிடைத்த பலனும் கொஞ்சம்தான் என்று எழுதியிருந்தார்கள்.

எனக்கு அந்தக் கொஞ்சம் போதுமாக இருந்தது. ஆனால் அந்த அவரையோ கிழங்கோ எங்கள் ஊர் வரப்பில் முளைப்பதில்லை.

அந்த அவரைக் கொட்டையைப் பற்றிய பக்கத்தில் ஒரு வரி. அதன் சத்து ஏற்கெனவே ஆஸ்பத்திரிகளில் பயன்பட்டுவந்திருக்கிறது, ஊமத்தை போன்ற செடிகளின் விஷத்தை முறிக்க. நான் அந்த வரியைத் தாண்டி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். பிறகு திரும்பி வந்தேன்.

அப்பாவுக்கு ஆஸ்துமா உண்டு. நாங்கள் இழுப்பு என்போம். தேங்காய் நாரின் தூசியோடு வாழ்ந்தவருக்கு வராமல் இருக்குமா? அதற்கு ஆறுச்சாமி மாமா ஒரு கைவைத்தியம் வைத்திருந்தார். காய்ந்த ஊமத்தை இலையை நொறுக்கி, பீடி இலையில் சுருட்டி, பற்றவைத்துக் கொடுப்பார். எங்கள் பக்கம் பல வீடுகளில் இது உண்டு. அந்தப் புகை மூச்சுக்குழலைத் தளர்த்தும், மூச்சு கொஞ்சம் இலகுவாகும். பொய் வைத்தியம் இல்லை. எப்போதாவது இழுத்தவர், இரண்டு வருஷமாக நாள் தவறாமல் இழுத்துக்கொண்டிருந்தார்.

ஊமத்தையில் இருப்பவை அசிடைல்கோலினின் வேலையைத் தடுக்கும் பொருள்கள். அதாவது, எதைக் கூட்ட உலகம் முழுவதும் செடி தேடிக்கொண்டிருந்தார்களோ, அதையே அப்பா தினமும் புகைத்துத் தடுத்துக்கொண்டிருந்தார். வறண்ட வாய், விரிந்த கண்பாவை, வெயில் கூச்சம், காற்றில் நூல் பிடிப்பது எல்லாம் அந்தப் பக்கத்திலேயே வரிசையாக அச்சாகியிருந்தது.

ஊமத்தையின் குடும்பம், பூவின் அமைப்பு, காயின் முள் எல்லாவற்றையும் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஏன் முன்பே தோன்றவில்லை என்று பின்னால் பலர் கேட்டார்கள். இதற்காக என்னை நானே அடித்துக்கொள்ளப் போவதில்லை. வீட்டில் பழகிய புகை யாருக்கும் மருந்தாகத் தெரிவதில்லை. தலைவலிக்குச் சுக்கு அரைத்துப் பற்றுப் போடுவதை எந்த டாக்டரிடம் போய் மருந்து என்று சொல்லியிருக்கிறோம்? அம்மா மாத்திரை இல்லை என்றாள். சாப்பிடுவதைப் பற்றி மருத்துவர் கேட்டார், சாப்பிடுவதைப் பற்றி அவள் சொன்னாள்.

நேராக மருத்துவரிடம் போனேன். முன்பதிவு இல்லை என்று வெளியே உட்காரவைத்தார்கள். கடைசி ஆள் போனபின் உள்ளே விட்டார்கள்.

"ஊமத்தையா? புகையாவா?" மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "தினமுமா?"

"ஆமாங்க சார்."

அவர் அதை அப்பாவின் சீட்டில் குறித்துக்கொண்டார். "நான் 'சாப்பிடறாரா'ன்னுதான் கேட்டேன். இனிமே புகை, கஷாயம், எண்ணெய் எல்லாத்தையும் கேக்கணும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கை உயர்த்தினார். "ரொம்ப நம்பிக்கை வெச்சுக்காதேம்மா. படத்துல தெரிஞ்ச சுருக்கம் புகையால வந்ததில்ல. கீழ ஒரு நோய் இருக்குது. அதுமேல இந்தப் புகை ஏறி உக்காந்திருக்குது. மேல இருக்கறதை எறக்கலாம். கீழ இருக்கறதை நான் எதுவும் பண்ண முடியாது."

"மேல இருக்கறதை எறக்கிட்டு வாரேன் சார். கீழ இருக்கறதை அப்பறம் பாத்துக்கலாம்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். இழுப்புக்கு இன்ஹேலர் (மருந்துப் பொடியை வாய்வழியே நேராக நுரையீரலுக்கு இழுக்கும் சிறு குழல்) எழுதிக் கொடுத்தார்.

உண்மையான சண்டை வீட்டில்தான் இருந்தது. ஆறுச்சாமி மாமா அன்று சோறுகூடத் தொடவில்லை.

"ஏனம்மிணி, நாங்க என்ன மாப்பிள்ளைக்கு வெசமா குடுத்துபோட்டோம்?"

"அப்படிச் சொல்லலீங்க மாமா."

"பின்ன எப்பிடிச் சொல்றே? இந்த எலை இல்லாட்டிப் போன வருசமே மாப்பிள்ளை காத்தோட போயிருப்பாரு. என்ற அப்பனுக்கும் இதைத்தான் குடுத்தோம். அவரு கடேசி வரைக்கும் ஊர்ப் பேரு பூராத்தையும் சொன்னாரு."

"அவருக்கு மறதிநோய் இல்லீங்க மாமா. அப்பாவுக்கு இருக்குது. புண்ணுமேல மொளகாய்த் தூள் மாதிரி."

"நீ சொல்ற குழலு ஒருக்கா புடிச்சா உடவே முடியாதாமா. சாகற மட்டும் கையில வெச்சுட்டே திரியோணுமாமா."

"எலையை மட்டும் அப்பா ஒரு நாளாச்சும் உட்டாருங்களா மாமா?"

மாமா எழுந்து துண்டை உதறினார். அம்மாவைப் பார்த்து, "உன்ற புள்ளைக்கு வாய் கோயமுத்தூர் வரைக்கும் நீண்டுபோச்சு" என்றார். அம்மா அதுவரை ஒரு பக்கமும் பேசாதவள், "படிக்கத்தான அனுப்புனோம். வாயை ஊட்டுலயே வெச்சுட்டுப் போகச் சொல்லலியே" என்றாள். மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கோபம் போகவில்லை.

புகையை மருத்துவர் சொன்னபடி நிறுத்தினோம். அப்பா முதலில் முரண்டு பிடித்தார். குழலைச் சரியாக இழுக்க வரவில்லை. பொடி நாக்கிலேயே தங்கிவிட்டது. "கண்ணு, இதுல புகையே வல்லியே" என்று குழலைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பால் குடிக்கும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல அம்மா முன்னால் உட்கார்ந்து, தானும் வாயைக் குவித்து இழுத்துக் காட்டினாள்.

பெரிய அதிசயம் எதுவும் ஒரே காலையில் நடக்கவில்லை. முதலில் தண்ணீர் கேட்பது குறைந்தது. துண்டு முகத்திலிருந்து தோளுக்கு இறங்கியது. காற்றில் நூல் பிடிப்பது நின்றது. பிறகு ஒரு சனிக்கிழமை நான் பையை இறக்கி வைக்கும்போது அப்பா தலையைத் தூக்கி, "ஏனம்மிணி, உனக்குப் பரிச்சை வருமே, இப்ப எதுக்கு வந்தே?" என்று கேட்டார்.

எனக்குப் பரீட்சை இருந்தது. அது அவருக்கு நினைவிருந்தது. அடுப்படியில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றதை நான் கேட்டேன்.

இங்கேயே நான் இந்தக் கட்டுரையை முடித்திருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அப்படி இல்லை. எதையும் விலை இல்லாமல் நோய் திருப்பித் தராது.

ஆடி வந்தது. எங்கள் பக்கம் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மண்ணை வாரிக்கொண்டு வரும். ஒரு மத்தியானம் அப்பாவுக்கு இழுப்பு வந்தது. அதற்கு முன் நான் அப்படிப் பார்த்ததில்லை. கட்டிலில் இரண்டு கையும் ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நிறம் மாறத் தொடங்கியிருந்தது. குழலை வைத்தோம். இழுக்கவே மூச்சு இல்லாதவர் எதை இழுப்பார்?

ஆறுச்சாமி மாமா உள்ளே ஓடிவந்தார். கையில் சுருட்டிய இலை, ஏற்கெனவே பற்றவைத்தது. அதை அவர் வீட்டில் இன்னும் வைத்திருந்திருக்கிறார். நான் குறுக்கே நின்றேன்.

"தள்ளு அம்மிணி."

"வேண்டாங்க மாமா. உங்க டெம்போவை எடுங்க. ஆசுபத்திரிக்குப் போலாம்."

"போற வழியில என்னாச்சும் ஆச்சுன்னா? ஏன் புள்ள, மூச்சே நின்னுபோச்சுன்னா நெனப்பை வெச்சுட்டு என்ன பண்ணுவே? மாலை போட்டு மாட்டி வெப்பியா?"

அந்தக் கேள்வி நியாயமானது. இன்றும் நியாயமானது. நான் படித்த எந்தப் பக்கத்திலும் அதற்குப் பதில் இல்லை. என் கால் நகரவில்லை என்பது மட்டும் உண்மை. ஆனால் அது அறிவா பிடிவாதமா என்று அந்த நொடியில் எனக்கே தெரியாது.

முடிவு செய்தது அப்பா. மாமாவின் கை என் தோளுக்கு மேலாக நீண்டபோது, அவர் ஒரு கையைக் கட்டிலிலிருந்து எடுத்து அந்த மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார். பேச முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று.

மாமா அந்தப் பீடியைத் தரையில் போட்டு மிதித்தார். அப்பாவைத் தானே தூக்கிக்கொண்டுபோய் டெம்போவில் வைத்தார். பின்னால் இறக்காத தேங்காய் லோடு உருண்டு இடிக்க, அவர் ஓட்டிய வேகத்தைப் பற்றி நான் எழுதினால் போலீஸ்காரர்கள் யாராவது படித்துவிடுவார்கள். உடுமலை ஆஸ்பத்திரியில் ஊசியும், நெபுலைசரும் (மருந்தை ஆவிபோல் மாற்றி முகமூடி வழியாக மூச்சில் சேர்க்கும் கருவி) போட்டார்கள். சாயங்காலத்துக்குள் உதட்டில் நிறம் திரும்பியது.

முகமூடியை எடுத்ததும் அப்பா முதலில் மாமாவைத்தான் கூப்பிட்டார்.

"மச்சான்."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"அந்தப் பொகையில… நான் என்ற ஊட்டு வாசல்லயே நின்னுட்டு ஊட்டைத் தேடிட்டுத் திரிஞ்சேன். ஊடு எதுன்னு தெரியல எனக்கு, தேடறது மட்டுந் தெரிஞ்சுது." மூச்சு வாங்க நிறுத்தினார். "மூச்சு வாங்குனா வாங்கட்டும். ஊட்டுக்குள்ள இருந்துக்கறேன்."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு சன்னல் பக்கம் பார்த்து, "லோடு எறக்கோணும், வாரேன்" என்றார். ஆனால் போகவில்லை. சன்னலோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

டிமென்ஷியா வந்தவருக்குத் தன் நிலை தெரியாது என்று பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். அவர்கள் முன்னால் அவர்களைப் பற்றி, இல்லாதவரைப் பேசுவதுபோலப் பேசாதீர்கள். என் அப்பா உள்ளே இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் குழலோடு தடுப்புக்கு இன்னொரு மருந்தும் சேர்த்தார்கள். இழுப்பு அடங்கியது. அப்பா மறுபடியும் களத்துக்குப் போனார். களத்துக்காரர் அரைமனதோடு கடப்பாரை முன் நிறுத்தினார். அப்பா குடுமி விட்டார். கொஞ்சம் நீளமாகவே விட்டார். "இது குடுமியா, சடையா?" என்று களத்தில் கேலி செய்தார்கள். "பொட்டப் புள்ள பெத்தவனுங்க நான், சடைதான் வரும்" என்றாராம். இதை மாமா வந்து சொன்னபோது நான் தனியாகப் போய் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தேன்.

மருத்துவர் சொன்னது சரிதான். கீழே ஒரு நோய் இருந்தது. அது தன் வழியில் வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கும் மேல் எங்களுக்கு நல்ல காலம் கிடைத்தது. நான் படித்து முடித்து ஆசிரியை ஆனேன். அப்பா என் பள்ளிக்கூட வாசலில் ஒருநாள் வந்து நின்று, உள்ளே வராமல், கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அதன்பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகப் போயின. இம்முறை காற்றில் நூல் பிடிக்கவில்லை, வாய் வறளவில்லை. போனது போனது, அமைதியாகப் போனது.

இப்போது தொண்ணூறுகள் முடியப்போகின்றன. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைகள் வெளிநாட்டில் விற்பனைக்கு வந்துவிட்டன என்றார் மருத்துவர். அந்தப் பனிப்பூக் கிழங்கின் சத்தையும் மருந்தாக்கச் சோதித்துக்கொண்டிருக்கிறார்களாம். நம் ஊர் வல்லாரையையும் நீர்ப்பிரமியையும்கூட யாராவது முறையாகச் சோதிக்க வேண்டும். ஒன்று உதவட்டும், உதவாமல் போகட்டும், தெரிந்துகொள்வது நம் உரிமை. அதுவரை உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது நினைவு தடுமாறினால், அவர் உடம்புக்குள் போகும் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புகைத்தது, பூசியது, குடித்தது, பாட்டி காலத்திலிருந்து பழகியது என்று எதையும் விடாமல் சொல்லுங்கள். பச்சையாக முளைப்பதெல்லாம் நம் பக்கம் நிற்கிறது என்று நினைக்காதீர்கள். எதையும் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். கேளுங்கள், விடாமல் கேளுங்கள், வெளியே உட்காரவைத்தால் உட்கார்ந்து கேளுங்கள்.

"அவ்வளவு பாடுபட்டு என்ன, கடைசியில் மறந்துதானே போனார்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காலம் என்பது கடைசி நாள் மட்டும்தான் போலிருக்கிறது. எனக்கு அப்படி இல்லை.

என் உடம்பும் மாறிவிட்டது. முன்பு பஸ்ஸைப் பிடிக்க ஓடும் உடம்பு. மணியடித்தால் எழும், பரீட்சை என்றால் விழித்திருக்கும். இப்போது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தால் என் மூச்சு தானாக அவருடைய மூச்சின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அவர் ஒரு கவளம் சோற்றை மென்று விழுங்கும் நேரத்துக்கு நான் அவசரம் இல்லாமல் காத்திருக்கிறேன். அந்த நேரம் எனக்குச் சின்னதாகத் தெரிவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குத் தலைசீவி விட்டுக்கொண்டிருந்தேன். அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, வெளியூர்க்காரர்களிடம் பேசும் மரியாதையோடு கேட்டார்:

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க? படிச்சவீங்களாட்டத் தெரியுது."

வலித்தது. வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன். ஆனாலும் சீப்பைக் கீழே வைக்கவில்லை.

"ஆமாங்க. படிச்சிருக்கேனுங்க" என்றேன். "எங்கப்பா படிக்க வெச்சாருங்க."

"ம்" என்றார் அப்பா. யோசித்தார். "கெட்டிக்காரருங்க அவரு."

"கெட்டிக்காரருதானுங்க" என்றேன், வகிடு எடுத்தபடி.